ஒரு விரல் கோணல்

"வலது சக்கரம் மட்கார்டை விட்டு ரெண்டு விரல் வெளிய நிக்குது," என்றாள் மனைவி, ஜீப்புக்கு முன்னால் குனிந்து.

"இடது?"

"கூச்சப்பட்டு உள்ள போயிருக்கு."

பல் டாக்டருக்கு வியர்த்தது. கிளினிக் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். கல்லெல்லாம் வண்டியின் அடிவயிற்றில் இடித்தது. அதனால் உயரமான ஸ்பிரிங் வாங்கிப் போட்டு ஜீப்பைத் தூக்கியிருந்தார். வண்டி உயர்ந்தது. கூடவே முன் சக்கரங்களை இணைக்கும் ஆக்ஸில் ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டது.

மதியம் மாமனார் வருகிறார். ஜீப்பே அவர் கொடுத்ததுதான். கிளினிக் ஆரம்பித்த புதிதில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த மருமகனிடம் சாவியை நீட்டி, "வச்சுக்கங்க மாப்பிள்ளை" என்றவர். சொந்த அப்பாகூட அப்படிச் செய்ததில்லை. அன்று அவர் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: "ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

பண்ணியிருந்தார்.

மாமனார் ஆயுள் முழுக்க டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். சக்கரம் இம்மி பிசகினாலும் அவர் கண் கண்டுபிடித்துவிடும்.

"ஆக்ஸிலை இழுத்துப் பிடிக்கிற குறுக்குக் கம்பி ஒண்ணு இருக்கு. அதைத் திருகி நீளத்தை மாத்தினா நடுவுல வந்துடும்," என்றார் டாக்டர்.

"பல்லுக்குக் கம்பி கட்டுவீங்களே, அது மாதிரியா?"

"அதேதான்."

"அதுக்கு ரெண்டு வருஷம் ஆகும்பீங்க. அப்பா பன்னெண்டு மணிக்கு வர்றாரு."

ஜாக்கி வைத்துத் தூக்கினார். சக்கரங்கள் அந்தரத்தில் தொங்க, கம்பியைத் திருகி நடுவுக்குக் கொண்டுவந்தார். ஜாக்கியை இறக்கியதும் பாரம் உட்கார்ந்து, ஆக்ஸில் எதிர்ப்பக்கம் ஓடிவிட்டது.

"இப்ப இடதுக்குக் கூச்சம் விட்டுப்போச்சு," என்றாள் மனைவி.

தரையில் நிற்கும்போதுதான் அளக்க வேண்டும் என்று டாக்டருக்கு உறைத்தது. பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலில் ஒரு நட்டைக் கட்டி, இரண்டு பக்க மட்கார்டிலிருந்தும் தொங்கவிட்டார். வண்டிக்கு அடியில் புகுந்து திருகினார். வெளியே வந்து அளந்தார். மறுபடி புகுந்தார். சட்டை கிரீஸில் குளித்தது. கடைசியில் இரண்டு பக்கமும் மயிரிழை வித்தியாசமில்லை.

"நீ மட்டும் இல்லேன்னா நான் என்ன ஆயிருப்பேன்!" என்றார் நெகிழ்ந்து.

"இருங்க, பின்னாடிப் போய்ப் பாக்கறேன்." போனாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள். "என்னங்க, முன் சக்கரம் ஒரு பாதையில போகுது, பின் சக்கரம் வேற பாதையில போகுது."

ஓடிப் போய்ப் பார்த்தார். உண்மைதான். பின் சக்கரங்களோடு சேரும்படி கம்பியைத் திருகினார். நேராயிற்று. முன்னால் வந்தால், வலது சக்கரம் மறுபடி ஒரு விரல் வெளியே நின்றது!

"மட்கார்டுக்குச் சரின்னா பின்னாடி கோணல். பின்னாடி சரின்னா மட்கார்டுக்குக் கோணல். எனக்குப் பைத்தியம்தான் பிடிக்கப் போகுது!"

"அப்பா கண்ணுக்கு எது தெரியாதோ அதை வச்சுக்கங்க," என்று மனைவி சொல்லி முடிப்பதற்குள் வாசலில் கார் நின்றது.

மாமனார் இறங்கினார். பின்னாலேயே மாமியார், பையோடு. மாமனார் ஜீப் வளர்ந்திருப்பதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. நேரே வலது முன் சக்கரத்துக்குப் போனார். நூல் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதையே பார்த்தபடி நின்றார்.

"அளந்தாச்சா மாப்பிள்ளை?"

"அளந்துட்டேன் மாமா."

"ஒரு விரல்?"

"ஒரே விரல்தான் மாமா."

"என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலியா?"

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மாமா கேக்கறது? எனக்கு ஒண்ணுமே இல்லாதப்போ தூக்கிக் குடுத்த வண்டி. நீங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான் சத்தம் போடாம..."

சத்தியத்தை மீறியவனுக்கு என்ன கிடைக்குமோ, அதை வாங்கிக்கொள்ளத் தலையைக் குனிந்துகொண்டார்.

மாமனாரோ அவருடைய கிரீஸ் கைகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"பெத்த பிள்ளைகூட இப்படி என் மானத்தைக் காப்பாத்த மாட்டான். ரொம்ப நன்றி மாப்பிள்ளை."

வேட்டியில் கிரீஸ் ஒட்டியதைக்கூடப் பார்க்காமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

டாக்டர் திருதிருவென்று விழித்தார். மாமியார் பையைக் கீழே வைத்துவிட்டு, அக்கம்பக்கம் பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"அப்பாடா, அவரே சொல்லிட்டாரா மாப்பிள்ளை? எங்க வீட்டு வாசல் கேட் தூண்ல மட்கார்டை இடிச்சு நசுக்கி, தட்டினதுல ஒரு விரல் கோணலா நின்னதைப் பெயின்ட் அடிச்சு மறைச்சு, நீங்க கண்டுபிடிச்சுடக் கூடாதுன்னுதான் ஸ்க்ரூவைத் தொடாதீங்கன்னு சத்தியம் வாங்கினாருங்கிறதை?"