ஆவியின் பங்கு

நான்கு விஸ்கி பாட்டில்களை மடியில் வைத்துக்கொண்டு, மாலை போட்ட மாமனார் படத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தான் சிவப்பிரகாஷ். இலையில் சோறும் கோழிக் குழம்பும் முறுக்கும் வந்துவிட்டன. செத்தவர் ஆசைப்பட்டுச் சாப்பிட்டதையெல்லாம் படைத்துக் கும்பிட வேண்டும் என்பது வழக்கம். சாப்பாட்டில் குழப்பமில்லை. பாட்டிலில்தான் குழப்பம்.

"ஏம் பிரியா, இதுல உங்கப்பா எதைக் குடிப்பாரு?"

"எனக்கெப்படீங்க தெரியும்?" என்றாள் அவன் மனைவி செல்வப்பிரியா. "அப்பா குடிப்பாருங்கறதே காலைல இந்த அலமாரியைத் தொறந்தப்பத்தான் தெரிஞ்சுது. அம்மாகிட்டச் சாவி கேட்டேன். ஒண்ணும் பேசாம எடுத்துக் குடுத்துட்டாங்க."

முதலமடை மாங்காய் மண்டிகளில் ராக்கப்பன் என்று சொன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். நெற்றி நிறையத் திருநீறு. வேலையாள் மேல் கள் வாசம் அடித்தால் அப்போதே தோப்பை விட்டு வெளியே அனுப்பிவிடுவார். மாம்பழ ஏற்றுமதிக்காக அடிக்கடி துபாய் போய் வருவார். அப்பேர்ப்பட்ட மனிதரின் அலமாரியில், பூட்டுக்குள், விதவிதமாக நான்கு வெளிநாட்டுப் பாட்டில்கள். நான்கும் அரைகுறையாகக் காலியானவை. சிவப்பிரகாஷுக்கு மாமனார் மேல் முதல் முறையாகக் கொஞ்சம் பிரியம் வந்தது.

இருப்பதிலேயே கனமாக இருந்த பாட்டிலைத் திறந்து கண்ணாடி கிளாஸில் ஊற்றினான். ஊற்றியதும் அறை முழுக்கப் புகை வாசம் பரவியது. முதலில் ஆஸ்பத்திரி டிஞ்சர் போல ஒன்று. அதற்குப் பின்னால் ஈர விறகு எரிகிற வாசம். மாமனாரை ஆஸ்பத்திரியில் வைத்திருந்ததும் பிறகு சுடுகாட்டுக்குக் கொண்டுபோனதும் அதே வரிசையில் அவன் மூக்குக்குள் இன்னொரு முறை நடந்து முடிந்தன.

"இதென்னுங்க, இப்படி நாறுது?" செல்வப்பிரியா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"வெலை ஒசந்த சரக்கு அப்படித்தான் இருக்கும்."

கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்து நின்றார்கள். வந்தவர் நிதானமாகச் சாப்பிட்டுப் போக அவகாசம் தர வேண்டும். உச்சி வெயில். மலைக் கணவாய் வழியே ஓயாமல் வீசும் காற்று திடீரென்று நின்றிருந்தது. தோப்பில் ஒரு இலைகூட அசையவில்லை. எங்கோ ஒரு பழுத்த மாம்பழம் தொப்பென்று விழுந்தது. யாரோ ஒற்றைக் காலை எடுத்து வைத்தது போல் இருந்தது அந்தச் சத்தம். இரண்டாவது காலடிக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். அது வரவில்லை.

கதவைத் திறந்தபோது சோறு அப்படியே இருந்தது. கிளாஸ் மட்டும் இலைக்குப் பக்கத்தில் இல்லை. சுவரோரமாக, மூலையில் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. அதன் வாயை ஒரு வெற்றிலை மூடியிருந்தது.

மாங்காய் பறிக்கும் ஆட்களுக்குத் தலைவன் மொக்கையன், கம்பம் ஊர்ப் பக்கத்துக்காரன். வாசலில் நின்று எட்டிப் பார்த்தவன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். "சுடுகாட்டு வாசத்த ஊத்தி வச்சா எந்த மனுசன் குடிப்பாரு? அய்யா கோவிச்சுக்கிட்டாருங்க. இத சரி பண்ணாம எங்காளுக மரத்துல ஏற மாட்டாக."

பறிப்பு உச்சத்தில் இருந்த நேரம். சாலையில் லாரிகள் வந்து நிற்கின்றன. ஒரு வாரம் விட்டால் தோப்பு முழுக்கப் பழுத்துக் கொட்டிவிடும்.

சிவப்பிரகாஷுக்குத் தெரிந்த விஸ்கி, கல்யாண வீடுகளில் கார் டிக்கியைத் திறந்து வைத்து சோடா கலந்து குடிப்பது. ஆகவே கொச்சியில் பெரிய ஓட்டல் ஒன்றின் பாரில் வேலை பார்க்கும் சித்தப்பா மகன் பிரதீப்புக்குப் போன் போட்டான். மறுநாள் காலையே பிரதீப் வந்து இறங்கினான். பையில் துணிமணி இல்லை. இடுப்பு பருத்து வாய் குறுகிய கிளாஸ்கள்தான் இருந்தன.

"அடிபொளி ணா!" பாட்டில்களைப் பார்த்ததும் அவன் குரலே மாறிவிட்டது. "நாலும் நாலு சாதி. இது அமெரிக்கா, மக்காச்சோளத்துல பண்ணுனது. இது அயர்லாந்து. இது ஸ்காட்லாந்துல ஒயின் பீப்பாய்ல பதினெட்டு வருசம் ஊறுனது. நீங்க நேத்து வெச்சது தீவுச் சரக்கு. அந்த ஊர்ல மண்ணை வெட்டிக் காயவெச்சு எரிச்சு, அந்தப் புகையில தானியத்தைக் காட்டுவாங்க."

"மண்ணை எரிப்பாங்களா?" என்று கேட்ட மொக்கையன் இன்னும் ஓரடி பின்னால் போனான்.

மாங்காயைப் பெட்டியில் அடுக்கும் கொட்டகையில் பலகை போட்டு உட்கார்ந்தார்கள். மாமனாரின் நாக்கைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் நான்கையும் ருசித்து ஒப்பிட்டுத்தான் ஆகவேண்டும் என்று பிரதீப் சொல்லிவிட்டான்.

"ஒரேயடியா ஊத்திக்காதீங்ணா. வாயைக் கொஞ்சம் தொறந்துக்கிட்டு மோந்து பாருங்க. என்ன தெரியுது?"

"கருப்பட்டி. கொஞ்சம் தேங்காய்."

"கரெக்ட்டு, அது அமெரிக்கா. இது?"

"பச்சைப் புல்லு. தேன் மாதிரி. கண்ணாலத்துக்கு வந்துட்டு யாருகிட்டயும் பேசாமப் போறவனாட்ட இருக்குதுடா."

"அயர்லாந்து அப்படித்தான்ணா, சாது. இதைப் பாருங்க."

ஒயின் பீப்பாயில் ஊறியதை வாயில் வைத்ததும் சிவப்பிரகாஷ் கண்ணை மூடிக்கொண்டான். உலர்ந்த திராட்சை, பேரீச்சை, கிராம்பு. பழைய தேக்குப் பீரோவைத் திறந்ததும் வருகிற குளிர்ச்சி. விழுங்கிய பிறகும் யாரோ பின்கழுத்தில் கைவைத்துக்கொண்டு நிற்பது போல் அந்தச் சூடு போகாமலே இருந்தது. அவன் திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"பீப்பாய்ல கிடக்கறப்ப வருசா வருசம் கொஞ்சம் குறையும்ணா," என்றான் பிரதீப். "ஆவி எடுத்துக்கற பங்கு அது. யாரும் தடுக்க முடியாது."

அவன் சொன்னது சூட்டில் எழும்பும் ஆவியை. வாசலில் நின்ற மொக்கையன் காதில் விழுந்தது வேறு ஆவி. சாயங்காலத்துக்குள், ராக்கப்பனின் ஆவி வருஷா வருஷம் வந்து பங்கு எடுக்கும், கொச்சியிலிருந்து வந்த மந்திரவாதியே சொல்லிவிட்டார் என்று லாரிக்காரர்கள் வரை செய்தி போய்விட்டது.

மாமனாருக்குக் கடைசிக் காலத்தில் சர்க்கரை வியாதி இருந்தது. இனிப்புக்கு ஏங்கிப் போனவர். அதனால் அமெரிக்காதான் என்று முடிவு செய்து, அடுத்த நாள் உச்சியில் அதைப் படைத்துக் கதவைச் சாத்தினார்கள்.

திறந்தபோது கிளாஸ் பாதி காலி. பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் செம்பின் மூடி திறந்திருந்தது. பிரதீப் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"அண்ணா... கொஞ்சமே கொஞ்சம் தண்ணி விட்டுக் குடிச்சிருக்காரு. வாசம் பிரியறதுக்காக அப்படிச் சொட்டு விடுவாங்க. விசயம் தெரிஞ்சவங்க பண்றதுணா இது."

"உள்ள வர வேற வழி இருக்குதா?" என்று கேட்டான் பிறகு.

"அத்தை ரூம்பு வழியா ஒண்ணு இருக்குது. அத்தை அங்கயேதான் படுத்திருக்காங்க. அவங்களைத் தாண்டி ஈ, எறும்புகூட வர முடியாது."

மாமியார் ராசம்மாள், கணவர் போனதிலிருந்து அந்த உள்ளறையை விட்டு வெளியே வருவதில்லை. அதற்கு முன்பும் மாப்பிள்ளை எதிரில் அவர் வாய் திறந்தது கிடையாது. எது வேண்டுமானாலும் கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்லுவார். செல்வப்பிரியா உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்தாள்.

"ஒருத்தரும் அம்மாவைத் தாண்டிப் போகலையாமுங்க."

பிரதீப் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டான்.

மொக்கையனின் ஆட்கள் மரத்தை விட்டு இறங்கிவிட்டார்கள். "குடிச்சவரு சும்மா இருப்பாரா? தோப்புலதான சுத்துவாரு? கள்ளு நாத்தம் யாரு மேல அடிச்சாலும் அடிப்பாரு. எங்காளுகள்ல முக்காவாசிப் பேருக்கு வாசம் உண்டுங்க." அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆளில்லாத தோப்பில் பழங்கள் தாமாகவே விழத் தொடங்கின. தொப், தொப் என்று, வீட்டை நோக்கி வருவது போலவும் திரும்பிப் போவது போலவும்.

"பாதி குடிச்சுட்டுப் போயிருக்காரு. திருப்தி ஆகலை," என்றான் சிவப்பிரகாஷ். "மனசு நெறஞ்சாப் போயிருவாரு. அயர்லாந்து, ஸ்காட்லாந்து ரெண்டையும் வெப்போம். எதைத் தொடறாரோ அதை நாளைக்குப் பாட்டலோட வெச்சுக் கும்பிட்டு அனுப்பீரலாம்."

இரண்டையும் வைத்தார்கள். கொறிக்க வறுத்த முந்திரியும் வைத்தார்கள். கதவுக்கு வெளியே மூன்று பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். காற்று நின்றது. தோப்பும் வாயை மூடிக்கொண்டது. அப்போது உள்ளே கிளாஸ் தரையில் உரசும் சத்தம் கேட்டது. சற்றுப் பொறுத்து முந்திரி கடிபடும் சத்தம். அதன் பிறகு நிதானமாக, நீளமாக, வயிறு நிறைந்த ஒரு ஏப்பம்.

பிரதீப்புக்குச் செருப்பு மாட்டிக்கொள்ளவும் தோன்றவில்லை. கொல்லங்கோடு பஸ் வருகிறதா என்று பார்க்காமலேயே ரோட்டில் நடக்க ஆரம்பித்துவிட்டான். கொண்டுவந்த கிளாஸ்களையும் விட்டுவிட்டான். வாசலில் இருந்து கேட்ட மொக்கையன் ஆட்களைத் திரட்டி வண்டி ஏற்றிவிட்டான். "கம்பம்மெட்டுப் பக்கம் ஏலக்காய் எடுக்கப் போறோமுங்க. அங்க செடி இடுப்பளவுதான். மேல ஏற வேண்டியதில்ல, யாரும் தள்ளிவிடவும் மாட்டாக."

ஒயின் பீப்பாய் கிளாஸ் காலியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அயர்லாந்திலும் பாதி இல்லை.

"நானும் கோயமுத்தூருக்கு எங்க சின்னம்மா ஊட்டுக்குப் போறனுங்க," என்று செல்வப்பிரியா அழத் தொடங்கினாள். "அப்பாவா இருந்தாலும் பயமா இருக்குதுங்க."

அவளைச் சமாதானப்படுத்தி அடுக்களையில் உட்கார வைத்தான் சிவப்பிரகாஷ். அவனுக்குள் பயம் போய் ஒரு வேகம் வந்திருந்தது. ஆளும் போயிற்று, பறிப்பும் போயிற்று, இனி பெண்டாட்டியும் போவதா? அடுத்த உச்சிப்பொழுதில் நான்கு பாட்டில்களையும் நான்கு கிளாஸ்களையும் எடுத்துக்கொண்டு படையல் அறைக்குள் போனான். இம்முறை கதவை உள்பக்கமாகச் சாத்திக்கொண்டான்.

ஜன்னல் அடைத்திருந்தது. ஊதுவத்தி நுனியும் படத்துக்கு மேல் எரிந்த சின்ன பல்பும்தான் வெளிச்சம். அதில் மாமனாரின் கண்கள் அவன் கையையே பார்த்தன. நான்கிலும் ஊற்றினான். தைரியத்துக்காக முதல் கிளாஸில் ஒரு வாய் குடித்தான். பிறகு ஓரவஞ்சனை ஆகிவிடக்கூடாது என்று மற்ற மூன்றிலும்.

"மாமா," என்றான். நாக்கு கொஞ்சம் தடித்திருந்தது. "எனக்கு அந்த பீப்பாய்ச் சரக்குதானுங்க புடிச்சுது. உங்களுக்கும் அதுதான்னு நெனைக்கறேன். இருந்தாலும் உங்க வாயால சொல்லீருங்க. நான் மண்டி மண்டியாத் தேடியாவது, கப்பல்ல வரவழைச்சாவது வாங்கி வெக்கறேன். தோப்பை மட்டும் விட்டுருங்க, மாமா."

படம் பேசவில்லை. வெளியே ஒரு பழம் விழுந்தது. பக்கத்திலேயே இன்னொன்று.

அப்போது அவன் முதுகுக்குப் பின்னால் கீல் முனகியது. அறையில் இருந்த இருட்டு கொஞ்சம் நகர்ந்து ஒரு உருவமாயிற்று. வெளுத்த சேலை. வளையல் இல்லாத ஒரு கை அவன் தோளைத் தாண்டி மெதுவாக நீண்டது. முதல் கிளாஸைத் தொட்டது, விட்டது. புகை வாசம் அடித்த கிளாஸைப் புறங்கையால் ஒதுக்கியது. பதினெட்டு வருஷம் ஊறியதைச் சரியாக எடுத்துக்கொண்டது.

சிவப்பிரகாஷ் மெல்லத் திரும்பினான். மாமியார் ராசம்மாள். கண்கள் பாதி மூடியிருந்தன. கிளாஸை மூக்கருகே வைத்து, வாயைச் சற்றே திறந்து, மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார்.

அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நெடுஞ்சாண்கிடையாக விழுந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா! அத்தை மேல எறங்கி வந்திருக்கீங்களா மாமா! பாவம், அவங்க ஒண்ணும் அறியாதவங்க. அவங்க ஒடம்பு தாங்காதுங்க. வேணுங்கறதைக் குடிச்சுட்டு அவங்களை விட்டுட்டுப் போயிருங்க மாமா!"

ராசம்மாள் பதறி இரண்டடி பின்வாங்கினார். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். கையில் இருந்த கிளாஸை மட்டும் கீழே வைக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து பேசாத மாப்பிள்ளையிடம், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, மிக மெல்லிய குரலில் சொன்னார்:

"உங்க மாமன் ஆயுசுக்கும் இதைத் தொட்டதில்லீங்க மாப்பிள்ளை, ஒவ்வொரு தடவை துபாய் போறப்பவும் எனக்குன்னு ஆசையா வாங்கியாந்ததுங்க."