இருபத்துமூன்று இலவச எபெக்டும் என் குரலும்

நியாயத்தை நீங்களே சொல்லுங்கள். ஒரு மனிதன் தானே எழுதிய ஆறு பக்திப் பாட்டைத் தன் சொந்தக் குரலில் பாடி, கோவிலுக்குச் சும்மா கொடுக்க நினைத்தது ஒரு குற்றமா? குற்றம் என்கிறாள் என் மனைவி ஞானேஸ்வரி. வாயால் சொல்லவில்லை. வாயால் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லிச் சமாளித்திருப்பேன்.

நான் நவரட்ணராஜா. கண்டிக் கச்சேரியில் வேலை. இந்தியாவில் யாரிடமாவது இப்படிச் சொன்னால் பாடகன் என்று நினைத்துக்கொள்வார்கள். இங்கே கச்சேரி என்றால் அரசாங்கக் கந்தோர், அலுவலகம். நான் அங்கே கோப்பு கட்டுகிறவன். ஆனாலும் இந்தியாக்காரர் நினைப்பதில் பெரிய பிழை இல்லை என்பதுதான் என் கட்சி. யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் நான் பாடத் தொடங்கினால் எங்கள் தலைமையாசிரியரே அறையை விட்டு எழுந்து வெளியே வந்து பார்ப்பார். வேறு எந்த மாணவனுக்கும் அவர் அப்படி எழுந்து வந்தது கிடையாது.

குண்டசாலையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பிள்ளையார் கோவிலில் தை மாதம் பத்து நாள் திருவிழா. அங்கே விடிய விடிய ஒலிபெருக்கியில் போடுகிற கசெற் இழுபட்டு, பாடுகிறவருக்கு வீட்டில் யாரோ செத்துப்போன மாதிரிக் கேட்கும். அதைப் பொறுக்காமல்தான் நான் அந்தப் பெரும் முடிவுக்கு வந்தேன். இந்த வருடத் திருவிழாவில் என் குரல்தான் ஒலிக்கும்.

கம்பளையில் புடவைக்கடை வைத்திருக்கும் செல்லப்பாதான் கோவில் செயலாளர். அவர் கொஞ்சம் தயங்கினார். என் குரலை ஏற்கெனவே ஒரு பூசையில் கேட்டிருக்கிறார். நான் விடுவேனா? சேர்த்து ஒட்டுகிற பிளகின் என்று ஒரு சாமான் இப்போது இன்டர்நெற்றில் இலவசமாகக் கிடைக்கிறது, கழுதையின் குரலைக் கொடுத்தாலும் குயிலாக்கித் தரும் என்று அடித்துச் சொன்னேன். "அப்படிங்களா?" என்றார். சம்மதித்துவிட்டார். ஒரு நிபந்தனை மட்டும். யுத்த காலம் என்பதால் ஒலிபெருக்கி போடுவதற்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். என்ன பாட்டு என்று அவர்களும் கேட்டுப் பார்ப்பார்கள். அதனால் திருவிழாவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை மத்தியானம் பாட்டு சீடித் தட்டாக அவர் கைக்கு வந்தாகவேண்டும்.

கண்டி ரவுணில் ஒரு மைக் வாங்கினேன். பஸ்ஸில் வரும்போது பாலத்தடிச் சோதனைச் சாவடியில் இறக்கிவிட்டார்கள். தமிழ் அடையாள அட்டை, பெட்டிக்குள் வயர், உருண்டையாக ஒரு சாமான். சிப்பாய் என்னை மேலும் கீழும் பார்த்தான். பாட்டுக்கு என்று சிங்களத்தில் சொன்னேன். அப்படியானால் பாடிக் காட்டு என்றான். பாடினேன். முதல் வரி முடியுமுன் "ஹரி, ஹரி, யன்ன", சரி சரி போ என்று கையைக் காட்டிவிட்டான். மொழி தெரியாதவனுக்கே சந்தேகம் தீர்ந்துவிட்டது பாருங்கள்.

பதிவு எங்கள் முன்னறையில் நடந்தது. வாசல் கதவில் ஒரு மெத்தை, யன்னலில் ஒரு மெத்தை. நான் பாடும்போது ஞானேஸ்வரி குசினியை விட்டு அசையக்கூடாது, சட்டி பானை சத்தம் கேட்கக்கூடாது என்று கட்டளை போட்டேன். தனியே பாடினால் சுருதி கொஞ்சம் அங்கே இங்கே போகும், அது எந்தப் பெரிய வித்துவானுக்கும் உள்ளதுதான். அதற்காக முதலில் அவளை ஆறு பாட்டையும் பாடவைத்துப் பதிவு செய்தேன். அதைக் காதில் மாட்டிக்கொண்டு, அதன் பின்னால் நான் பாடுவேன். முடிந்ததும் அவளுடையதை மூடிவிடுவது ஏற்பாடு. கட்டடம் எழும்பியதும் சாரத்தைக் கழற்றிவிடுகிறோம் அல்லவா, அப்படி. அவள் வெங்காயம் உரித்த கையோடு வந்து, ஒரே மூச்சில் ஆறையும் பாடிவிட்டுத் திரும்பவும் குசினிக்குப் போய்விட்டாள்.

என் குரலுக்குத்தான் வேலை இருந்தது. முதல் நாள் பதிவை நான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு ஆஸியா உம்மா வேலிக்கு மேலாக ஒரு போத்தல் நீட்டினார். கொத்தமல்லி அவித்த தண்ணீர். "ஊட்டுல ஆருக்கு புள்ள சொகமில்ல? காலையில இருந்து ஒரே மொனகல் சத்தம்." ஞானேஸ்வரி நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். அதைவிட அநியாயம், அதைக் கொண்டுவந்து எனக்கே தந்தாள்.

எனக்கு வீறாப்பு வந்துவிட்டது. பிளகின்களை இறக்கத் தொடங்கினேன். கணினியில் பதிந்த குரலின்மேல் ஒட்டுகிற சின்னச் சின்ன மென்பொருள்கள் அவை; எபெக்ட் என்றும் சொல்வார்கள். ஒன்று எதிரொலி கொடுக்கும். ஒன்று கீச்சை வெட்டும். ஒன்று கத்தலை அமுக்கி, முணுமுணுப்பைத் தூக்கும். ஒன்று ஒருவர் பாடியதை மூன்று பேர் பாடியதாக்கும். வெள்ளைக்காரர் மினக்கெட்டுச் செய்து இலவசமாக விட்டிருக்கிறார்கள். இலவசம் என்றபின் ஒன்றோடு நிறுத்த எனக்கு என்ன பைத்தியமா? ஐந்து, பத்து, பதினாறு என்று ஏறியது. எதிரொலி மட்டும் நாலு வகை. எல்லாவற்றையும் என் குரலின்மேல் ஒட்டினேன். கணினி மாட்டுவண்டி மாதிரி முக்கியது.

ஒரேயொரு கரைச்சல். எல்லாம் ரெலிபோன் லைன் வழியாக வரவேண்டும். ஒன்று இறங்க ஒரு மணித்தியாலம். இடையில் அறுந்தால் திரும்பவும் முதலிலிருந்து. அதுவரைக்கும் வீட்டு ரெலிபோன் வேலை செய்யாது.

ஞானேஸ்வரியின் ஒரே தங்கை தவமணி யாழ்ப்பாணத்தில். சண்டையால் அங்கே போகிற பாதை பூட்டி ஐந்தாறு மாதம். கடிதமும் ஒழுங்கில்லை. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குத் தவமணி ஒரு கடையில் வரிசையில் நின்று எங்களுக்கு ஐந்து நிமிடம் ரெலிபோன் எடுப்பாள். அந்த ஐந்து நிமிடத்தை வைத்துத்தான் ஞானேஸ்வரி ஒரு கிழமையை ஓட்டுவாள். இது எனக்குத் தெரியாதது அல்ல.

அந்த ஞாயிறு நான் பதினேழாவதை இறக்கிக்கொண்டிருந்தேன். மூன்றரைக்கு ஞானேஸ்வரி வந்து லைன் விட்டாச்சோ என்று கேட்டாள். இரண்டு நிமிசம் என்றேன். தொண்ணூறு வீதம் வந்துவிட்டது, அந்த நேரத்தில் யார் விடுவார்கள்? அவளைக் குசினிக்கு அனுப்பிவிட்டு, சும்மா இருப்பானேன் என்று நாலாவது பாட்டைத் திரும்பப் பதிந்தேன். தொண்ணூற்றெட்டில் லைன் அறுந்தது. மறுபடி போட்டேன்.

ஆறு மணிக்கு மெத்தையை விலக்கிக் கதவைத் திறந்தபோது வாசலில் ஆஸியா உம்மா நின்றார். முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை.

"தவமணிப் புள்ள மூணு மணித்தியாலம் வரிசையில நின்டாவாம் சேர். ஒங்கட நம்பர் எங்கேஜ்டாம். கடைசியா எங்கட ஊட்டுக்கு எடுத்தா. நான் ஓடி வந்து கதவத் தட்டினேன். நீங்க பாடிட்டு இரிந்தீங்க. அந்தச் சத்தத்துல ஒங்க ரெண்டு பேருக்கும் எங்க கேக்குற? அதுக்குள்ள அஞ்சு நிமிசமும் போச்சி."

ஞானேஸ்வரி குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்க்காமல் மெத்தையைத் தட்டினேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் லைன் அறுந்தது என் பிழையா?

அவள் சண்டை பிடிக்கவில்லை. அழவுமில்லை. பத்தொன்பது வருடக் குடித்தனத்தில் இதைவிட மோசமான அறிகுறி வேறில்லை என்பது எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். அதற்குப் பதிலாக நான் பூரித்துப்போனேன். ஏனென்றால் மறுநாள் பின்னேரம் தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து, இதெல்லாம் என்னவென்று தனக்கும் சொல்லித்தரச் சொன்னாள்.

"இந்த ஏறி இறங்கிற கட்டை என்னப்பா?"

"குரலின்ர அளவு. மேல தள்ளினால் கூடும். கீழ இழுத்தால் குறையும்."

"இது என்ர குரலோ?"

"ஓம். அது கடைசியில தேவையில்லை. மூடிவிடுவன்."

"மூடினதைத் திறக்கிறது எப்பிடி?"

அதையும் காட்டினேன். தட்டில் பதிவதையும் காட்டினேன். நாலு பின்னேரம் விரிவுரை நடத்தினேன். கச்சேரியில் என் மேலதிகாரிகூட நான் பேசுவதை அப்படிக் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. இருபத்துமூன்று எபெக்டும் பூட்டி எல்லாம் தயார். தட்டில் பதிந்து கொடுப்பதுதான் மிச்சம். எனக்கோ கந்தோரில் லீவு இல்லை. நீங்கள் நிம்மதியாய்ப் போங்கோ, நான் பதிஞ்சு செல்லப்பா ஐயாட்டக் குடுக்கிறன் என்றாள் ஞானேஸ்வரி. இப்படி ஒரு மனைவி யாருக்குக் கிடைக்கும் என்று பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். அவர் நித்திரை.

கொடியேற்றத்தன்று விடிய ஐந்து மணிக்குப் புது வேட்டி கட்டிக்கொண்டு, ஒலிபெருக்கிக்குக் கீழே எல்லாரும் பார்க்கிற இடமாய்ப் பார்த்து நின்றேன். "பாடல் இயற்றிப் பாடியவர் நவரட்ணராஜா" என்று அறிவித்தார்கள். கண்ணை மூடிக்கொண்டேன்.

பெண் குரல்.

எதிரொலி இல்லை. மூன்று பேர் இல்லை. ஒட்டு, பூச்சு ஒன்றுமில்லை. வெங்காயம் உரித்த கையோடு வந்து பாடிய அதே குரல், பனிக்குள்ளால் போய்த் தோட்டத் தொழிலாளரின் லயத்து வீடுகள் வரைக்கும் கேட்டது. பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். ஐயர் மணியை மெல்லக் கீழே வைத்தார். எனக்குக் கண் கலங்கியது. கோபத்தில். கோபத்தில்தான்.

செல்லப்பா வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்க அன்னிக்குச் சொன்னது மெய்தாங்க சேர். நான் நம்பல. கழுதையக் குடுத்தாலும் குயிலாக்கும்னு சொன்னீங்களே, நெசமாவே ஆக்கிருச்சு."

என்ன சொல்வது? பாடியது என் மனைவி என்றால் நான் யார்? நான் என்றால் கழுதை. சுற்றிலும் ஐம்பது பேர். "ஓம்" என்றேன். இருபத்துமூன்று பிளகின் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து வேட்டியும் மாற்றாமல் கேட்டேன்.

"என்ர குரல் எங்கை?"

"பின்னால இருக்குதப்பா. உங்கட பேரைச் சொல்லேக்கை அது பொய்யாய்ப் போகக்கூடாதெண்டு சாடையா விட்டனான்."

"சாடையா எண்டால்?"

"கட்டையை அடிமட்டும் இழுத்துப்போட்டு, ஒரு நூல் மேல தள்ளினனான்."

"அந்த இருபத்துமூண்டு எபெக்ட்?"

"ஒண்டையும் கழட்டேல்லை. எல்லாம் உங்கட குரலிலதான் கிடக்கு. எனக்கு ஒண்டும் தேவைப்படேல்லை."

துரோகம் என்றேன். நம்பிக்கை மோசடி என்றேன். கலைஞனின் சாபம் சும்மா விடாது என்றேன். அவள் அரிசியில் கல் பொறுக்கி முடியும்வரை இருந்துவிட்டு, அப்படியென்றால் செல்லப்பா ஐயாவிடம் போய் உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். மிச்சம் ஒன்பது நாள் திருவிழா இருக்கிறதே.

"அப்ப ஞாயிற்றுக்கிழமை ரெலிபோன் என்ர" என்றாள். பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

அடுத்து வந்த ஞாயிறு லைன் மத்தியானத்திலிருந்தே சும்மா கிடந்தது. நாலு இருபதுக்கு மணி அடித்தது. ஞானேஸ்வரி ஒரே பாய்ச்சலில் எடுத்தாள். தவமணியும் பிள்ளைகளும் சுகம், சீனி இல்லை, மண்ணெண்ணெய்க்கும் வரிசை, ஆனால் சுகம் என்று அவள் திரும்பத் திரும்பச் சொல்லியே எனக்கும் தெரியவந்தது. பிறகு என்னைப் பார்த்துக் கையைக் காட்டினாள். நான் எழுந்துபோய்ப் பாட்டைப் போட்டேன். ரிசீவரை ஸ்பீக்கரோடு பிடித்தபடி நின்றேன், ஒரு வேலைக்காரனைப் போல. ஐந்து நிமிடத்தில் மூன்று நிமிடம் தவமணி பாட்டைத்தான் கேட்டாள்.

முடிந்ததும் அத்தானிடம் கொடுக்கச் சொன்னாளாம். வாங்கிக் காதில் வைத்தேன். அவள் அழுதிருந்தாள் என்பது குரலில் தெரிந்தது.

"அக்கா பாடிக் கேட்டு எத்தினை வருசம் அத்தான். பக்கத்தில இருந்து பாடின மாதிரிக் கிடக்குது. ஆனால் பின்னால ஏதோ கரகரவெண்டு ஒரு சத்தம் விடாமல் கேக்குது. உங்கட லைன் பழுதோ?"

ஞானேஸ்வரி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஓம் தவமணி" என்றேன். "லைன்தான் பழுது."