ஏற்காட்டில் நான் வாங்கிய ஒரு வார வீடு

முதலில் மன்னிப்பு. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கையெழுத்து கோணலாக இருக்கும். ர, ற இரண்டில் எது எங்கே வரும் என்பது இன்றும் எனக்குக் குத்துமதிப்புதான். ஆனாலும் நானே எழுத வேண்டியதாகிவிட்டது. இந்தக் கதையை என் மகள் சகாயம் சொந்தக்காரர்களிடம் சொல்லும்போதெல்லாம் ஒரு வாஷ்பேசினைக் கூட்டிவிடுகிறாள். போன கிறிஸ்துமஸில் மூன்றாகிவிட்டது. நான் உடைத்தது ஒன்றுதான்.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் எனக்கு வேலை. சூளையிலிருந்து இறங்கும் சாமான்களை விரலால் தட்டிப் பார்த்துப் பிரிக்க வேண்டும். நல்லது 'டிங்' என்னும். விரிசல் விட்டது 'டொக்' என்னும். மனிதர்களோடு பேச வேண்டியதில்லை என்பதால் எனக்குப் பிடித்த வேலை. (கடைக்காரர் தப்பான சட்டையை எடுத்துக் கொடுத்தாலும் அதையே வாங்கிப் போட்டுக்கொண்டு வருகிற ஆள் நான்.)

அப்படிப்பட்டவன் முதல் செல்போன் வாங்கிய மூன்றாம் மாதம், ஒரு பெண் கூப்பிட்டு "வணக்கம் சார்" என்றது. அதுவரை என்னை யாரும் சார் என்றதில்லை. ஏற்காட்டில் ஒரு வீடு, வருஷத்தில் ஒரு வாரம் ஆயுசுக்கும் எனக்கே சொந்தம், ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வரும் என்றது. இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவரிடம் போனை வைக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? "சரிங்க" என்றேன். பதினோரு தடவை "சரிங்க" சொல்லிவிட்டு, மறுநாள் பேங்கில் முன்பணத்துக்கு டி.டி. எடுத்து அனுப்பினேன். வீட்டுக்குத் தளம் போடச் சேர்த்துவைத்த பணம் அது.

விஷயம் தெரிந்ததும் என் மனைவி ரோசலி அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஏழு நாளைக்கு வூடா? மீதி நாளு?"

"வேற வேற ஆளுங்க இருப்பாங்களாம்."

"ஒரு சட்டி வாங்குனாலும் நாலு தடவ தட்டிப் பாக்குற ஆளு, வூட்ட போன்லயே வாங்கிட்டீங்களா? நடங்க. நேர்ல போயி வேணாம்னு சொல்லி, குடுத்தத வாங்கிட்டு வருவோம். நீங்கதான் சொல்லணும். உங்க பேர்லதான இருக்குது."

சேலம் பஸ்ஸில் வழி முழுக்க எனக்குப் பயிற்சி. "எங்க, சொல்லுங்க." "வேணாங்க." "சத்தமா." "வேணாங்க!" ஆத்தூரில் முறுக்கு விற்க ஏறியவர் என் சத்தத்தைக் கேட்டுவிட்டு அப்படியே இறங்கிப் போனார்.

ஏற்காட்டில் அவர்கள் ஆபீஸுக்குப் போனோம். நான் வாயைத் திறப்பதற்குள் டை கட்டிய தம்பி ஒருவர், எங்களையும் இன்னும் நாலு குடும்பத்தையும், காட்டுவதற்கென்றே ஜோடித்து வைத்திருந்த ஒரு வீட்டுக்குள் அழைத்துப்போய் சமோசா கொடுத்தார். பிறகு மீதிப் பணத்துக்கான காகிதத்தை என்னிடம் நீட்டினார்.

"கையெழுத்துப் போட்டுடலாமா சார்?"

"சரிங்க" என்றேன்.

ரோசலி என் காலை மிதித்தாள். அந்த வலியில், "பாத்ரூம் எங்கங்க?" என்று கேட்டு, உள்ளே ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

கண்ணாடியைப் பார்த்து "வேணாங்க, வேணாங்க" என்று சொல்லிப் பழகினேன். விரல் தன் பாட்டுக்குக் கீழே இருந்த வாஷ்பேசினைத் தட்டியது.

டொக்.

இன்னொரு தடவை தட்டினேன். டொக்.

வெளியே வந்தேன். யாரும் கேட்காமல் நானாக வாயைத் திறந்தது என் வாழ்க்கையில் அன்றுதான். "வாஷ்பேசின் விரிசலுங்க."

"சான்ஸே இல்ல சார். ஃபாரின் அயிட்டம்" என்றார் தம்பி.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். பீங்கான் விஷயத்தில் என் விரலைச் சொல்லக் கூடாது. "வாங்க, காட்டுறேன்" என்று அவரை அழைத்துப்போனேன். நாலு குடும்பமும் சமோசாவோடு பின்னால் வந்தது. எல்லோருக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் ஓங்கித் தட்டினேன்.

பேசினின் முன்பாதி, குழியோடு பெயர்ந்து என் இரண்டு கைக்குள் வந்துவிட்டது. (பிரசவ வார்டில் நர்ஸு பிள்ளையைக் கொடுப்பது போல.) குழாயும் பிய்த்துக்கொண்டு, தண்ணீர் நேராகத் தம்பியின் டையில். "மன்னிச்சிருங்க, மன்னிச்சிருங்க" என்று நான் பேசினை அவரிடம் நீட்ட, அவர் பின்வாங்க, அந்த நாலு குடும்பத்தில் ஆத்தூர்க்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, "அண்ணே, அப்படியே அந்தச் செவுத்து டைல்ஸையும் ஒரு தட்டு தட்டிச் சொல்லுங்களேன்" என்றார்.

கேட்டால் எனக்கு மறுக்கத் தெரியாதே. பேசினைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினேன். அதிலும் பாதி டொக். நாலு குடும்பமும் செருப்பைத் தேடத் தொடங்கியது.

மேனேஜர் ஓடிவந்தார். "சார், உங்களுக்கு என்னதான் வேணும்?"

"வேணாங்க!" என்றேன், பஸ்ஸில் பழகிய அதே சத்தத்தில்.

பேசினுக்கு உண்டானதைப் பிடித்துக்கொண்டு, மீதி முன்பணத்தை அங்கேயே கொடுத்து, உடனே கிளம்பச் சொன்னார்கள். கேட் வரை வந்த ரோசலி நின்றாள்.

"பேசினுக்குக் காசு புடிச்சிக்கிட்டாங்க இல்ல? அப்ப அது நம்பளுது. போயி எடுத்தாங்க."

போய் எடுத்து வந்தேன். ஊர் வரும்வரை அது என் மடியில்தான் இருந்தது.

வீட்டுக்குத் தளம் போட்டாகிவிட்டது. அந்தச் சிமெண்டில் ஒரு பிடி எடுத்துப் பேசினின் அடி ஓட்டையை அடைத்து, பின்பக்கம் முருங்கைமரத்தடியில் வைத்திருக்கிறோம். கோழிகள் தண்ணீர் குடிக்கின்றன. வருகிறவர்களை அங்கே கூட்டிப்போய், "எங்க ஏற்காட்டு வூடு" என்பாள் ரோசலி. யார் வீட்டுக்குப் போனாலும் வாசலிலேயே, "கையக் கட்டிக்குங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே நுழைவாள். சொல்லட்டும். வருஷத்தில் ஐம்பத்திரண்டு வாரமும் அந்த ஏற்காட்டு வீடு எங்களுக்கே சொந்தம்.

எழுதி முடித்தது: 2009 ஆகஸ்ட் 15, மாதா திருநாள் பூசைக்குப் போய் வந்த பிறகு.