ஒரு லட்சத்து மூன்று பொத்தான்கள்

மாமா அவர்களுக்கு,

வகுபடாத ஓர் எண்ணுக்காக ஒரு மனுஷியை வேலையை விட்டு அனுப்பிவிட்டீர்கள். நான் சுகம். நீங்களும் அத்தையும் சுகமாகத்தான் இருப்பீர்கள், உங்களை யாரும் அனுப்பவில்லையே.

பொத்தான் பட்டறைக்கு நீங்கள் மேலாளர், நான் பெட்டிக்குச் சீட்டு ஒட்டுகிறவன். பட்டறையில் வாயைத் திறந்தால் "வீட்ல பேசிக்கலாம் போடா" என்கிறீர்கள். வீட்டுக்கு வந்தால் "வேலைப் பேச்சை வேலை செய்ற எடத்துல வச்சுக்க" என்கிறீர்கள். ஆகவே தபால்.

திங்கட்கிழமை எண்ணும் மிஷின் காட்டியது 1,00,003 கறுப்புப் பொத்தான். பெட்டிக்கு நாற்பத்திரண்டாக, பெட்டி நிரப்புகிற நம் பெட்டியக்கா போட்டாள், கடைசியில் ஒன்று மிஞ்சியது. "எண்ணத் தெரிஞ்சவளுக்கு மிச்சம் விழாது" என்றீர்கள். பத்தொன்பது வருஷமாக எண்ணுகிறவளிடம்! நாற்பதாகப் போடச் சொன்னீர்கள், மூன்று மிஞ்சியது. நாற்பத்தைந்தாகப் போட்டால் பதின்மூன்று. முப்பத்தாறாகப் போட்டால் முப்பத்தொன்று. அவள் விரல் வீங்கிப்போய், "மிச்சம் என் கையில இல்ல சார், எண்ணிக்கையில இருக்கு" என்று சொன்னதுக்கு, எதிர்த்துப் பேசினாள்னு வேலையை விட்டு நிறுத்துற தாள் ஒண்ணு அடிச்சு, முதல்ல மிஞ்சுன அந்த ஒத்தைப் பொத்தானையே சாட்சியா அதுல டேப் போட்டு ஒட்டிக் கையில குடுத்துட்டீங்க. அவ வீட்ல மூணு பேர் அந்தக் கையை நம்பித்தான் சாப்பிடுறாங்க மாமா.

நான் சும்மா இருக்கவில்லை. பெட்டி அட்டைகளின் முதுகில் இரண்டில் தொடங்கி முந்நூற்றுப் பதின்மூன்று வரை அறுபத்தைந்து பகா எண்களால் வகுத்துப் பார்த்தேன். எதற்கும் மசியவில்லை. அடுத்த பகா எண்ணான 317-ஐ அதனாலேயே பெருக்கினால் 1,00,003-ஐத் தாண்டிவிடும், அதனால் அதற்கு மேல் பார்க்கத் தேவையில்லை; அந்த எண்ணும் பகா எண்தான். மிச்சமே கூடாது என்றால் ஒரு லட்சத்து மூன்று பெட்டியில் ஒவ்வொன்று போட வேண்டும், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கொட்டி அதை நீங்களே தூக்க வேண்டும். கணக்குக்கு மேலாளர், மருமகன் எல்லாம் தெரியாது.

அத்தைக்கு என் வணக்கம். ரத்த அழுத்த மாத்திரையை மறக்க வேண்டாமாம், அம்மா சொல்லச் சொன்னாள்.

உங்கள் அக்கா மகன்

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். அட்டைகளைக் காட்டலாமென்று இன்று பெட்டியக்கா வீட்டுக்குப் போனேன். அவள் அட்டையைப் பார்க்கவே இல்லை. தாளிலிருந்து பொத்தானைப் பிய்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். "தம்பி, இது கறுப்பே இல்ல, கருநீலம். உங்க மாமா மேசையில கெடந்த சாம்பிள் பொத்தான். அன்னைக்குக் காலைல, மிஷின் எண்றதுக்கு முன்னாடி, கையில உருட்டிக்கிட்டே வந்து குவியல் பக்கத்துல நின்னாரே!" குவியலில் இருந்த கறுப்பு 1,00,002தான். நாற்பத்திரண்டு நாற்பத்திரண்டாக 2,381 பெட்டி, மிச்சமே கிடையாது. என் அறுபத்தைந்து வகுத்தலும் வீண். மிஞ்சிய அந்த ஒன்று நீங்கள் போட்டது. பொத்தான் இப்போது என்னிடம் இருக்கிறது. இந்தத் தபால் கிடைத்த மறுநாள் காலை பட்டறை மணி அடிப்பதற்குள் நீங்களே போய் அவளை வேலைக்குக் கூப்பிடுங்கள். போவீர்களா, மாட்டீர்களா?