கழுத்தில் விளைந்த பட்டாணி

இப்போதெல்லாம் ஜனங்களுக்குக் கத்தி என்றால் பயம், எச்சில் என்றால் பக்தி. வடமாலபேட்டை ரங்கன், வருகிறவர்கள் கழுத்தில் மூங்கில் குழலை வைத்து உறிஞ்சுவான். நோயைக் கையில் துப்புவான். சென்னையிலிருந்து காரில் வருகிறார்கள். படித்தவர்கள்தான் வரிசையில் முன்னால்.

என் தங்கை சுந்தரம்மாவும் போனாள். குடம் தூக்கியதற்கே மணிக்கட்டு உடைந்தவள். சிறுநீரகத்தில் கல் வேறு. திருப்பதி டாக்டரம்மா சொன்னார்: “கழுத்துல ஒரு சுரப்பி பட்டாணி அளவுக்கு வீங்கி, எலும்புல இருக்கிற கால்சியத்தை ரத்தத்துல கரைக்குது. சின்னதா கீறி எடுத்துட்டா மறுநாளே வீட்டுக்குப் போலாம்.” நான் டாக்டரையும் லேசில் நம்புகிறவன் இல்லை. ஸ்கேன் படத்தைக் காட்டச் சொன்னேன், காட்டினார். திங்கட்கிழமை ஆபரேஷன் என்று முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை ரங்கன் அவளைக் கேட்டானாம்:

“டாக்டரு எம்மாம் பெருசுன்னாங்கம்மா?”

“பட்டாணி அளவு சாமி.”

உறிஞ்சினான். துப்பினான். பட்டாணி. பூசணிக்காய் என்றிருந்தால் அவன் பாடு கஷ்டம்.

பட்டாணியைக் கையில் பொத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். “கட்டி வந்துட்ச்சிண்ணா. ஆபரேசனுக்கு நான் வர்ல.”

“அத்த இப்டி குடு.”

ஈரத்துணியில் சுற்றி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அவளையும் இழுத்துக்கொண்டு போனேன். ரங்கன் முன்னால் வேறொரு பெண் கழுத்தை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கூட்டத்தின் நடுவில் துணியைப் பிரித்தேன். வெள்ளையாக முளை விட்டிருந்தது.

“இன்னாடா ரங்கா இது? எந்தங்கச்சி கழுத்துல வெவசாயமா பண்றா?”

கன்னத்தில் எதையோ ஒதுக்கிக்கொண்டே சொன்னான்: “கட்டிக்கு உசுரு இருந்திருக்குது பெரியவரே. அதான் மொளச்சிகினு இருக்குது.”

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நான் அங்கிருந்த தண்ணீர்ச் செம்பை எடுத்து ரங்கனிடம் நீட்டினேன்.

“வாயக் கொப்புளிச்சிட்டு எங்கழுத்துல உறிஞ்சு.”

“நீ யார்யா கேக்கறதுக்கு?” என்று கத்த வாயைத் திறந்தான். சுண்டைக்காய் ஒன்று மடியில் விழுந்தது.

சுந்தரம்மா என் சட்டையைப் பிடித்தாள். “நாளிக்கி ஆபரேசனுக்கு வெறும் வயித்தோட தானே வரணும்ணா?”

உட்கார்ந்திருந்த பெண் எழுந்தாள். ரங்கனை அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். “அந்தச் சுண்டைக்காய் என்துதான் சாமி. எங்க டாக்டரு சுண்டைக்காய்னுதான் சொன்னாரு.”

“இல்ல, என்து,” என்றான் பின்னால் ஒருவன்.

“பட்டாணியையும் சுண்டைக்காயையும் கொழம்புல போடுங்க,” என்றேன். “தலைக்குள்ள இருக்கிறத்த மட்டும் ரங்கன் உறிஞ்சறதுக்கு வுடாதீங்க.”

பஸ்ஸுக்கு நடந்தேன். ஜனம் திருந்தும் என்ற நம்பிக்கை எனக்கில்லை. பின்னால் சுண்டைக்காய்க்குச் சண்டை நடந்துகொண்டிருந்தது.