ஒண்ணும் தொலையல

கலைவாணன் பத்தடி வைப்பதற்குள் பூக்காரம்மா கிருஷ்ணவேணி கேட்டுவிட்டாள்.

"இன்னா சார், இன்னா தொலைச்சீங்க?"

"ஒண்ணும் இல்லமா. சும்மா நடக்கிறோம்."

ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை எழுதித் தந்த டாக்டர் கூடவே ஒன்று சொல்லியிருந்தார். தினமும் அரைமணி நேரம் ஒரு குழந்தையோடு, அதன் வேகத்தில் நடக்க வேண்டும். அது பார்ப்பதையெல்லாம் இவனும் பார்க்க வேண்டும். மனசு வேறெங்கும் போகக்கூடாது.

நான்கு வயது மகள் அனு, பிள்ளையார்பாளையத்துத் தெருவில் குனிந்தபடி அங்குலம் அங்குலமாக நகர்ந்தாள். ஒவ்வொரு கல்லையும் புரட்டினாள். சாக்கடை மூடியின் ஓட்டையில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தாள். அவனும் பார்த்தான். உள்ளேயிருந்து ஒரு தவளை அவனைப் பார்த்தது. பதினைந்து வருடமாக பைக்கில் போய்வரும் தெரு. இப்படி ஒருத்தர் குடியிருப்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.

"சும்மாவா இப்டி குனிஞ்சிக்கினு போவாங்க?" கிருஷ்ணவேணி கூடையை இறக்கிவிட்டுத் தானும் தேட ஆரம்பித்தாள். டீக்கடைக்காரரும் வந்துவிட்டார்.

அவர்களை அனுப்பிவைக்க ஒரு பொய் சொன்னான். "சட்டை பட்டன்தான். போனா போவுது."

"பட்டனுக்கா சாக்கடைய எட்டிப் பாத்தீங்க? தங்கம்தான்!" என்றார் டீக்கடைக்காரர்.

'தங்கம்' தெருக்கோடிவரை போய், இருபது பேரைக் கூட்டிக்கொண்டு திரும்பியது.

பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிப் பாவு நீவிக்கொண்டிருந்த நெசவாளர் குப்புசாமி அலறினார். "பாவ மிதிக்காதீங்கபா! என் பொழப்பு அது!"

ஒருவர் மிதிக்கவில்லை, அடியில் தவழ்ந்து போனார்.

அனு மட்டும் அசரவில்லை. கூட்டத்தைப் பார்த்து முகம் மலர்ந்து, இன்னும் மும்முரமாகக் கல் புரட்டினாள். இத்தனை சந்தடியிலும் பிள்ளைக்கு எப்படியொரு கவனம்! கலைவாணனுக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

பாவில் நாலு இழை அறுந்தது. குப்புசாமி வேட்டியை மடித்துக் கட்டினார். கலைவாணன் டீக்கடை பெஞ்சில் ஏறிக் கும்பிட்டான்.

"சத்தியமா ஒண்ணும் தொலையல! டாக்டர் மெதுவா நடக்கச் சொன்னாரு, நடந்தோம். தயவுசெஞ்சி போங்க!"

"மெதுவா நடக்கறதுக்கு ஒரு டாக்டரா?" கிருஷ்ணவேணி கூடையைத் தூக்கினாள். "காலங்காத்தால வேலைய கெடுத்துட்டியேபா!"

ஆளுக்கொரு வார்த்தை திட்டிவிட்டுக் கலைந்தார்கள். தெரு காலியானது. நிம்மதியாக மூச்சை விட்டபடி அவன் கீழே இறங்கினால், அனு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றாள்.

"ஏம்பா எல்லாரையும் அனுப்பிட்ட? நேத்து நான் போட்டுக்கினு வந்த அம்மா கம்மல் இன்னும் கெடைக்கலியே!"