கழுத்து இருபத்துநாலு அங்குலம்

இனிமேல் வீட்டில் பாத்திரம் தேய்ப்பதில்லை என்று நம்ம கணினிக்காரர் முடிவு செய்தார். வாய் விட்டுச் சொல்லவில்லை. சொல்ல அவருக்கு என்ன பைத்தியமா?

அலுவலகத்தில் நாற்பது கணினிகளைக் கட்டி மேய்க்கிறவர். வீட்டிலோ, போர்வை மடிக்கத் தெரியாதவர் என்ற ஒரே பட்டம்தான். மனைவி தையல்காரி; முன்னறைதான் கடை. "அளவுச் சீட்டெல்லாம் அச்சடிச்சு வந்தா நல்லாருக்கும்" என்று அவள் சொன்னதும் நம்ம ஆளுக்கு யோகம் அடித்தது. ஒரே மாலையில், கணினிக்குக் கட்டளைகளை வரிசையாக எழுதிக் கொடுக்கும் ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்று தயார். 'சட்டை' என்று தட்டி, பக்கத்தில் ஏழு எண்களை வரிசையாகத் தட்டினால் சீட்டு வந்து விழும். வரிசை மட்டும் மாறக் கூடாது. எது என்ன வரிசை என்று அவர் எங்கும் எழுதி வைக்கவில்லை. திட்டமே அதுதான்.

"ஏங்க! தோளுக்கு அப்புறம் என்ன?"

"இதோ வந்துட்டேன்!"

நுரைக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடுவார். மிச்சப் பாத்திரம் அவள் தலையில் விழும். பத்து நாள் ராஜ மரியாதை. பக்கத்து வீட்டுக்காரரிடம், "நான் இல்லாட்டி எங்க கடையே ஓடாது சார்" என்றுகூடச் சொல்லிவிட்டார்.

பதினோராம் நாள் ஒருவர் காலர் இல்லாத சட்டை கேட்டார். மனைவி கழுத்தளவை விட்டுவிட்டுத் தட்டினாள். அடுத்து நின்ற கையளவு நைசாகக் கழுத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

"என்னங்க இது? கழுத்து இருபத்துநாலு அங்குலமாம்! குடும்பத்தோட தலைய விடலாம் போல!"

"இல்லாததுக்குப் பூஜ்யம் போடணும்மா. அது கையா கழுத்தான்னு எண்ணுக்குத் தெரியாது. நிக்கிற இடந்தான் தெரியும்."

"அப்போ ஒவ்வொண்ணுக்கும் பேர் வைங்களேன்."

"அது பெரிய வித்தை. உனக்கெதுக்கு? நான்தான் இருக்கேன்ல?"

"நல்லவேளை, துணிய வெட்டறதுக்கு முன்னாடி பாத்தேன்." அவள் கத்தரியைக் கீழே வைத்தாள். "அப்படி என்ன வித்தை? சும்மா சொல்லுங்களேன், கேப்போம்."

கேட்டுவிட்டால் அவருக்கு வாய் நிற்காது. "கட்டளைக்குப் பின்னால வர்றத ஒண்ணொண்ணா பாக்கணும். '-கை'ன்னு இருந்தா, அதுக்கடுத்த எண் கைக்கு. ரெண்டையும் தள்ளிட்டு மறுபடி முதல்ல நிக்கிறதப் பாக்கணும். தள்றதுக்கு ஷிஃப்ட்னு பேரு. தீர்ற வரைக்கும் சுத்தணும்."

"நம்ம ஆணியில குத்தின ஆர்டர் சீட்டு மாதிரியா? மேல இருக்கறத உருவிப் பாத்து, வேலைய முடிச்சு, கிழிச்சுப் போட்டுட்டு அடுத்தது. துணித் துண்டு சேர்ந்திருந்தா ரெண்டையும் சேத்து உருவணும்."

"கிட்டத்தட்ட" என்றார் பெருந்தன்மையாக.

அதற்குப் பிறகு நான்கு நாள் "ஏங்க" வரவில்லை. அச்சு இயந்திரம் மட்டும் ஓயாமல் கடகடத்தது. அடுக்களையில் கடைசித் தட்டு வரை அவரே தேய்த்தார். ஐந்தாம் நாள் பொறுக்க முடியாமல் முன்னறைக்குப் போனார்.

அவர் கண்ணெதிரே மனைவி ஒவ்வொரு அளவையும் பேரோடு தட்டினாள்: கையை முதலில் போட்டாள், மார்பைக் கடைசியில் போட்டாள், கழுத்தைப் போடவே இல்லை. சீட்டு சரியாகவே அச்சாகி வந்தது. வேண்டுமென்றே '-கய்' என்று தட்டிக் காட்டினாள். "'-கய்' எனக்குத் தெரியாது. சரியாகச் சொல்லும் வரை வெட்ட மாட்டேன்" என்று திரையில் வந்து, ஸ்கிரிப்ட் நின்றது.

"யார் எழுதினது?"

"நான்தான். உங்க கணினிப் புத்தகம் அலமாரியில தூங்கிட்டுதானே இருந்துச்சு? பழசுக்கு நகல் எடுத்து வச்சுட்டுதான் கை வச்சேன்."

திறந்து படித்தார். எண் இல்லாமல் வெறும் '-கை' வந்தால்கூடப் பிடித்துக்கொள்கிறது. ஓட்டை ஒன்றும் இல்லை. அலுவலகத்தில் இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் இவ்வளவு சுத்தமாக எழுதியதில்லை, அவர் உட்பட. என் பெண்டாட்டி! அவருக்கு நெஞ்சு விம்மியது, கண்கூடக் கலங்கிவிட்டது. தான் எதைப் பறிகொடுத்தோம் என்பதே அந்தப் பெருமையில் மறந்துபோயிற்று.

"உதவிக் குறிப்பும் வச்சிருக்கேன். '-உதவி' தட்டிப் பாருங்க."

தட்டினார். உயரம், தோள், மார்பு என்று ஒவ்வொன்றுக்கும் அழகாக ஒரு வரி விளக்கம். எல்லாவற்றுக்கும் கீழே இப்படி இருந்தது:

"-கணவர் : இனி தேவையில்லை. பழைய பழக்கத்துக்காக நீக்காமல் வைத்திருக்கிறது. பாத்திரத்துக்கு மட்டும் வேலை செய்யும்."